தன்மையான மனிதருக்கு ஒரு ஸ்பானியச் சொல்

ஓய்வு பெற்றவனை ஓய்வாக இருக்க விடக் கூடாது என்று யாரோ சாபம் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. போன வாரம் அசர் தொழுதுவிட்டு வந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக் காலை நீட்டிப் படுத்தேன். தைலம் காய்வதற்குள் போன் அடித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த நார்த்தூள் கம்பெனியிலிருந்து நிவேதா. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஸ்பானியம் தெரியாது. அவள் போனில் இருக்கும் ஆப்புக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து என் வேலையை நன்றாகவே பார்க்கிறார்கள்.

மேலாளர் வைத்தியநாதன் சார் ஓய்வு பெறுகிறாராம். தூள் காயவைக்கிற களத்திலேயே பந்தல் போட்டு விழா. ஸ்பெயினில் நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்கள் வீடியோவில் வருகிறார்களாம். அவர்களுக்காக சாரைப் பற்றி ஸ்பானியத்தில் நாலு வரி எழுதி வாசிக்க வேண்டிய பொறுப்பு நிவேதாவின் தலையில்.

"எல்லார்கிட்டயும் பக்குவமா பேசுறவருன்னு எழுதணும் சார். ஆப்புல போட்டா ஏழெட்டு வார்த்தை காட்டுது. எதப் போடுறதுன்னு தெரியல. அவரப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நேற்று வரை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவளும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். ஒரு வார்த்தைக்காகவா இப்படி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். இத்தனை வருடம் வார்த்தையில் பிழைத்தவனுக்கு வார்த்தை அலுத்துப்போகும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும். மீன் விற்றவன் வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள் என்பார்களே, அந்த அலுப்பு.

எங்கள் முத்துப்பேட்டைத் தெருவில் பாதிப் பேர் துபாய், மீதிப் பேர் சவூதி. நான் மட்டும் தப்பித்தவறிக் கேனரித் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் கிடக்கிற தீவுகள்; ஆள்வது ஸ்பெயின். துறைமுகத்தை ஒட்டி ஒரு வடநாட்டு முதலாளியின் கடை. கப்பலில் வருகிறவர்களுக்கு ரேடியோவும் கேமராவும் விற்க ஆள் வேண்டும் என்று ஏஜெண்டு சொன்னார். மீசை சரியாக முளைக்காத வயது. ஊரைச் சொன்னால் அத்தாவுக்கு வாயில் நுழையவில்லை, போய்வா என்று அனுப்பிவிட்டார்.

அங்கே எனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, புத்தகமும் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பினோ என்ற பெண்மணி வம்பு பேசுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைக்கு வருகிறவர்கள், தெருவில் போகிறவர்கள், முதலாளி, முதலாளியின் மைத்துனன் என்று ஒருவரையும் விட மாட்டாள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி வைத்திருப்பாள். அப்படித்தான் நான் ஸ்பானியம் கற்றேன். பொருளின் பெயரைக் கை நீட்டிக் காட்டியாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆளின் குணத்தைச் சொல்லும் சொல்லுக்கு வம்பு கேட்டால்தான் உண்டு.

அதிலும் நயமாகப் பேசிக் காரியம் பார்க்கிற ஆட்களுக்கு அந்த மொழியில் இருக்கிற சொற்கள் நம் மொழியில் இருக்கிற அளவுக்கு இருக்கும். நம்மிடம் பக்குவம், இங்கிதம், சாதுரியம், நீக்குப்போக்கு, நெளிவு சுளிவு என்று வரிசையாக இல்லையா? அங்கேயும் அப்படித்தான். இங்கிதம் தெரிந்தவனை அவர்கள் 'இடது கை இருக்கிறவன்' என்பார்கள். நம் ஊரில் இடது கையால் ஒன்றை நீட்டினால் மறுபடி அந்த வாசல் ஏற முடியாது. முதன்முதலில் பினோ என்னை அப்படிப் பாராட்டியபோது நான் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

அவளிடம் கேட்ட இரண்டு சொற்களை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவை இந்தக் கதைக்கு வேண்டாம். ஒன்று, கொன்சிலியாதோர். சண்டையில் இருக்கிற இரண்டு பேரையும் ஆளுக்கு ஓரடி நகர்த்திக் கிட்டே கொண்டுவருகிறவன். இன்னொன்று, கொன்தெம்பொரிசாதோர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாய்க்காலைத் தாண்டிவிடலாம். எதிரே நிற்பவனுக்கு இதமாகப் பேசி, எதற்கும் முடியாது என்று சொல்லாமல், நாளைக் கடத்துகிறவன். பினோ இதை எங்கள் முதலாளிக்கு வைத்திருந்தாள். ஊருக்குப் போக விடுப்புக் கேட்கும்போதெல்லாம் அவர் என் தோளில் கை போட்டு, நாளைக்குப் பேசுவோம் என்பார். அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்த பிறகுதான் அந்த நாளை விடிந்தது. வந்தவன் திரும்பிப் போகவில்லை.

ஊரில் ஸ்பானியத்துக்கு என்ன விலை? சில வருடங்கள் மைத்துனரின் துணிக்கடையில் மீட்டர் பிடித்தேன். பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் நார்த்தூள் ஏற்றுமதி தொடங்கியது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள் அது. முன்பு சாலையோரம் மலையாகக் குவித்து வைத்து, யாராவது அள்ளிப் போனால் போதும் என்றிருந்தார்கள். அந்தத் தூளை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பை எடுத்து, களத்தில் காயவைத்து, கட்டியாக அழுத்தி அனுப்பினால் ஸ்பெயினில் மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளி வளர்க்கிறார்கள். அவர்களோடு பேச ஆள் தேடியபோது யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். துணிக்கடைக்கே வந்து என்னைக் கூட்டிப்போனவர் வைத்தியநாதன் சார்.

மொழிபெயர்ப்பாளன் எங்கே உட்கார வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தால் இருவரும் நம் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால் யாருக்காகப் பேசுகிறேனோ அவர் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி, நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். அவர்கள் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்ளட்டும், குரல் மட்டும் என்னிடமிருந்து வந்தால் போதும். அவர் 'எனக்குக் கோபம்' என்றால் நானும் 'எனக்குக் கோபம்' என்றுதான் சொல்வேன். ஆனால் கோபமில்லாமல் சொல்வேன். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கென்று கருத்து கிடையாது. வாயை வாடகைக்கு விட்டவன் அதில் சொந்தமாக ஒன்றும் குடிவைக்கக் கூடாது.

ஒரே ஓர் இடத்தில் இந்த நடைமுறை உதைக்கும். நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. பார்க்கலாம் என்போம். கல்யாணத்துக்கு வரவில்லையா, பார்க்கலாம். பெண் கொடுக்க விருப்பமில்லையா, பார்க்கலாம். கேட்டவனுக்கும் புரியும், சொன்னவனுக்கும் புரியும், யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. ஆனால் ஸ்பெயின்காரன் இந்த வாரம் சரக்கு ஏறுமா என்று கேட்டு, சார் பார்க்கலாம் என்று சொன்னால் நான் என்ன செய்வது? சொல்லுக்குச் சொல் வைத்தால் அவன் நம்பி லாரிக்குச் சொல்லிவிடுவான். அதனால் 'கஷ்டம்தான் என்று படுகிறது' என்று பெயர்ப்பேன். அவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். ஸ்பெயின்காரர்கள் நல்ல குணமானவர்கள் பாய், ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்துவதே இல்லை என்று சார் என்னிடம் பலமுறை வியந்திருக்கிறார்.

வைத்தியநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுப் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். நிலமெல்லாம் போய், பிள்ளைகள் படித்து, ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். இவர் விவசாயம் படித்துவிட்டு இந்தப் பக்கமே தங்கியவர். என்னைவிட வயதில் சின்னவர். வெள்ளைச் சட்டையில் ஒரு தூசி பார்க்க முடியாது, அதுவும் நார்த்தூள் களத்தில். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் மனைவியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ஆபரேஷன் முடிகிற வரைக்கும் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதை நான் மறக்க மாட்டேன்.

புகாரோடு வருகிறவர்களை அவர் எதிர்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். கேட்டில் சத்தம் கேட்டால் தானே எழுந்து வெளியே வருவார். வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, என்பார். நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போடுவார். இளநீருக்குச் சொல்லுவார். இளநீர் வந்து, வெட்டி, வந்தவர் குடித்து முடிக்கும் வரை விஷயத்தைப் பேச விட மாட்டார். அதற்குள் பெரியவன் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று பேர் சொல்லி விசாரித்துவிடுவார். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு புகாரைக் கேட்பார். கேட்டு முடித்ததும் அதே புகாரை வந்தவரைவிட அழகாகத் திரும்பச் சொல்லுவார். அதாவது, உங்க நாத்தங்கால் பத்து நாள்ல பறிக்கிற பக்குவத்துல இருந்துச்சு, இப்ப நுனி கருகிடுச்சு, மறுபடி விதை விடணும்னா பருவம் தப்பிடும், அப்படித்தானே? வந்தவர் வாயடைத்துப்போவார். அவர் எதிரிலேயே போனை எடுத்து, தண்ணீரை நிறுத்தச் சொல்லுவார். கேட் வரைக்கும் கூட நடந்துபோய் வழியனுப்புவார். நான் பாத்துக்கறேன், என்பார்.

அன்றைக்குத் தண்ணீர் நிற்கும். நாலைந்து நாளில் மறுபடி ஓடும்.

தண்ணீர் என்றால் என்ன தண்ணீர் என்று சொல்லிவிடுகிறேன். நார்த்தூளைக் கழுவிய தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், உப்பும் இருக்கும். எங்கள் தொட்டிகளிலிருந்து அது பக்கத்து வடிகாலில் இறங்கும். அந்த இடம் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தியில்தான் பார்க்கலாம், வாய்க்காலில் பார்ப்பது அபூர்வம். ஆகவே அங்கிருக்கிறவர்கள் வடிகால் தண்ணீரைத்தான் இன்ஜின் வைத்து இறைத்து வயலுக்குப் பாய்ச்சினார்கள். அதில் எங்கள் கழிவு கலந்தால் நாற்று என்ன ஆகும்?

அமுதா அப்படி வடிகாலை நம்பிக் குத்தகைக்குப் பயிர் செய்தவள். கணவன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். அவளுடைய தங்கை எங்கள் களத்தில் தூள் காயவைக்கிற வேலையில் இருந்தாள். ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு பெண் எங்கள் களத்தில் இருந்தாள். அதனால் அமுதா ஒருநாளும் கூட்டம் சேர்த்துக்கொண்டு வரவில்லை. தனியாக வருவாள், இளநீர் குடிப்பாள், போவாள். ஒவ்வொரு சம்பாவுக்கும் வந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்பெயினிலிருந்து லூசியா வந்தார். சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆய்வாளர். சரக்கு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, அது தயாராகிற இடத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி வந்துவிட்டது. அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் அடுத்த பருவத்துக்கு ஆர்டர். ஐம்பது வயதிருக்கும். பெரிய வைக்கோல் தொப்பி, ஆண்பிள்ளை நடை. களத்தைப் பார்த்தார், பெண்களின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். பிறகு தண்ணீர் போகிற வழியிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

சாரும் கூடவே வந்தார். லூசியாவின் தலைக்கு மேல் தானே குடை பிடித்துக்கொண்டு வரப்பில் பக்கவாட்டில் நடந்தார். நான் பின்னால். அமுதா வயலில் நின்றிருந்தாள். நாற்றங்கால் பாதி பச்சையாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தது. லூசியா அவளிடம் கம்பெனியைப் பற்றி, மேலாளரைப் பற்றிக் கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"சார் ரொம்பத் தன்மையானவருங்க. எத்தனையோ தடவ போயிருக்கேன், ஒரு நாளு முகம் சுளிச்சதில்ல. எளநீர் குடுக்காம அனுப்ப மாட்டாருங்க."

தன்மையானவர் என்பதற்கு அமாப்லே என்று பெயர்த்தேன். அன்பாகப் பழகுகிறவர் என்று பொருள். தண்ணீர் நின்றதா என்று லூசியா கேட்டார்.

"தண்ணி வந்துக்கிட்டுத்தாங்க இருக்கு."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்துகொண்டிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். லூசியா நாற்றைப் பார்த்தார், குடை பிடித்த கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அமாப்லே என்றால் டீ கொடுக்கிற ஆள்கூட அமாப்லேதான். புகாரோடு வருகிறவர்களிடம் இவர் பேசித் தீர்க்கும் விதத்துக்கு எனக்கு ஒரு சொல் வேண்டும், திப்லொமாத்திகோ என்று எழுதட்டுமா, என்றார். அந்தச் சொல் மட்டும் சாருக்குப் புரிந்துவிட்டது. டிப்ளமாட்டிக்னு சொல்றாங்களா பாய், என்று சிரித்தார். வெயிலில் அவர் சட்டை நனைந்திருந்தது. குடை முழுக்க லூசியாவின் பக்கம் இருந்தது.

நீங்கள் இவரோடு பல வருடம் வேலை பார்த்தவர், இந்தச் சொல் சரிதானா என்று லூசியா என்னையே கேட்டார்.

அத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் பதில் சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளனுக்குக் கருத்து கிடையாது என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் இன்னும் நல்லது; சார் சிரித்தபடி இருந்திருப்பார், களத்துப் பெண்களுக்கு வேலை இருந்திருக்கும், எனக்கும்தான். ஆஸ்பத்திரி பெஞ்சு என் கண்முன் வந்தது. ஆனால் கண்ணுக்கு நேரே அந்த நாற்று நின்றது. எத்தனையாவது முறை அவள் விதை விடுகிறாள் என்று எனக்குத் தெரியும், அவள் புகாரோடு வந்த ஒவ்வொரு முறையும் நான் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். கொன்சிலியாதோர் என்றால் இரண்டு பேரும் ஓரடி நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தவள் அமுதா மட்டும்தான்.

கொன்தெம்பொரிசாதோர் என்றேன். லூசியா எழுதிக்கொண்டார். சார் என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. திரும்பும்போது குடையின் ஓரத்தை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

சில வாரங்களில் அறிக்கை வந்தது. வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான்தானே. சாரின் அறையில் கதவைச் சாத்திவிட்டு வரி வரியாகச் சொன்னேன். கழிவுத் தண்ணீரை வெளியே விடாமல் மூடிய தொட்டியில் தேக்கித் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவரை ஆர்டர் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. காரணம் சொல்லும் இடத்தில் என் சொல் உட்கார்ந்திருந்தது. இதமாகப் பேசி நாளைக் கடத்துகிறவர் என்று பெயர்த்தேன். அதைவிடப் பொருத்தமாகத் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை.

சார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எல்லாப் புகாரையும் செய்வதுபோல, இதையும் திரும்பச் சொன்னார்.

"அதாவது, நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். செய்யவும் மாட்டேன். அப்படித்தானே பாய்?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணு சொன்னதா?"

"இல்ல சார். அது உங்களத் தன்மையானவருன்னுதான் சொல்லுச்சு. இது நான் சொன்ன வார்த்தை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள், இடுப்பு வலி தேவலையா என்று என் மனைவியைப் பற்றி விசாரித்தார். நான் தேவலை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

களம் நின்றது. ஒரு பருவம் முழுக்கத் தூள் காயவில்லை. பெண்கள் கேட்டில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளைக்கார அம்மாவிடம் அமுதா வத்தி வைத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. தெருக்குழாயில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்களாம். தங்கை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அமுதா ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நான் அவர நல்லவருன்னுதானே பாய் சொன்னேன். நீங்க என்னன்னு மாத்திச் சொன்னீங்க?"

மாற்றிச் சொல்லவில்லை, நீ சொன்னதை அப்படியே சொன்னேன், அதற்குப் பிறகு என்னைக் கேட்டார்கள், நானும் சொன்னேன் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். உங்களுக்கு ஏன் பாய் இந்த வேலை என்றாள்.

மறுநாள் களத்து கேட்டுக்குப் போய், வந்திருந்த பெண்களிடம் அந்த வார்த்தை என்னுடையது, அமுதா சாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்றேன். அவர்கள் என்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய், ஆனா வேல போச்சே, என்றாள் ஒருத்தி. குழாயடியில் குடத்தை நகர்த்துவது நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தொட்டியைக் கட்டிவிட்டார்கள். கட்ட முடியாத தொட்டி இல்லை அது, கட்டாமலே நாளை ஓட்ட முடிந்ததால் கட்டவில்லை, அவ்வளவுதான். ஆர்டர் திரும்ப வந்தது, களம் ஓடியது. வடிகால் தண்ணீர் வடிகால் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. அமுதா அந்த வருடம் ஒரே முறைதான் விதை விட்டாள். தங்கை மட்டும் திருப்பூரிலிருந்து திரும்பவில்லை.

எனக்கு வருடாவருடம் பங்குனியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்தப் பங்குனியில் பேச்சே இல்லை. ஒருநாள் நானே கேட்டுவிடுவோம் என்று சாரின் அறைக்குப் போனேன். சார் எழுந்து வந்தார். வாங்க பாய், வெயில்ல வந்திருக்கீங்க, என்றார். நான் வந்தது பக்கத்து அறையிலிருந்து. நாற்காலியைத் தன் கையால் இழுத்துப் போட்டார். கதவைத் திறந்து, பாய்க்கு ஓர் இளநீர் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தக் கம்பெனியில் எத்தனை ஆயிரம் இளநீர் வெட்டியிருப்பார்கள். எனக்கு ஒன்றுகூடத் தந்ததில்லை. நான் வீட்டு ஆள், எனக்கு எதற்கு இளநீர்? பெயர்க்கத் தெரிந்தவனுக்கு அன்றைக்குப் பெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை. குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். மகன் எப்படி இருக்கிறான் என்று பேர் சொல்லிக் கேட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி நான் சொன்னதைத் தலை சாய்த்துக் கேட்டு, என்னைவிட நன்றாகத் திரும்பச் சொன்னார்.

"பார்க்கலாம் பாய்," என்றார். கேட் வரைக்கும் கூட நடந்து வந்தார்.

இதையெல்லாம் நிவேதாவிடம் எப்படிச் சொல்வது? அவள் கேட்டது ஒரு வார்த்தை. எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததும் அப்படியே இருக்கிறது. ஒன்று இன்னொன்றை அழிக்க மாட்டேன் என்கிறது. அழித்திருந்தால் எனக்கு இந்த வயதில் தூக்கமாவது ஒழுங்காக வரும்.

நேற்று நானே அவளைக் கூப்பிட்டேன். அமாப்லே என்று போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன், அவள் ஆப்பில் போட்டுப் பார்த்தாள்.

"அன்பானவர்னு வருது சார். ரொம்பச் சாதாரணமா இருக்கே? அவரு எவ்ளோ பேச்சுவார்த்தை நடத்தியிருக்காரு. வேற வார்த்தை இல்லையா?"

"இருக்கும்மா. நீ இதையே போடு. களத்துக்குப் பக்கத்து வயல்ல பயிர் வச்சிருந்த ஒரு பொண்ணு அவரப் பத்திச் சொன்னது இது."

அவள் எழுதிக்கொண்டாள். நன்றி சொன்னாள். வைக்கப் போனவள் மறுபடி பேசினாள்.

"விழாவுக்கு வந்துருவீங்கல்ல சார்? பாய் வருவாரான்னு சாரே கேட்டாரு. உங்களுக்கு முன் வரிசையில எடம் போடச் சொல்லியிருக்காரு."

தைல வாசனை அடித்தது. வாசலில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"பார்க்கலாம்மா," என்றேன்.

நிவேதாவும் நம் பக்கத்துப் பெண்தான். சரிங்க சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.